சத்தம் போடுகிறவருக்கே முதல் பணம்

திருத்துறைப்பூண்டியில் ஓர் உரக்கடையில் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். யூரியா எத்தனை மூட்டை போயிற்று, யார் பெயரில் எவ்வளவு நிலுவை, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பிறகு யார் எவ்வளவு கட்டினார் என்பதெல்லாம் என் கையெழுத்தில்தான் பேரேட்டில் ஏறும். ஊரார் கடனை ரூபாய் பைசாவோடு அறிந்த நான், என் வீட்டுக் கடன் மொத்தம் எவ்வளவு என்று 2023 ஐப்பசி வரைக்கும் ஒரு துண்டுத் தாளில்கூட எழுதிப் பார்த்ததில்லை. எழுதினால் தெரிந்துவிடுமே என்ற பயம்தான்.

கடன் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் ஓட்டுக்கூரையைப் பிரித்துப் போட்டது. கூரையைச் சரிசெய்ய என் மனைவி முதன்முதலாக ஒரு குழுக்கடனில் சேர்ந்தாள். குறுங்கடன் நிறுவனம் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று தரும் கடன் அது. 2020இல் ஊரடங்கு வந்தபோது தவணையை ஆறு மாதம் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது, நாங்களும் தள்ளிவைத்தோம். தள்ளிப்போனது தவணை மட்டும்தான், வட்டி அந்த ஆறு மாதமும் ஏறிக்கொண்டுதான் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. 2021 பங்குனியில் அப்பா படுத்தபோது தெருவில் ஒருவரிடம் ஐந்து வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டிக்கு, இருபதாயிரம் வாங்கினேன். முதல் குழுவைச் சமாளிக்க இரண்டாவது குழு, அதைச் சமாளிக்க மூன்றாவது குழு. அப்பாவின் கருமாதிச் செலவுக்கு, நாள்தோறும் வந்து வசூலிக்கும் தண்டல். மனைவியின் இரண்டு பவுன் சங்கிலி கூட்டுறவுச் சங்கத்தில் அடகு. இதில் எதுவுமே ஊதாரிச் செலவில்லை என்று என்னால் இப்போது சொல்ல முடிகிறது. அந்தக் காலத்தில் அப்படி எனக்கே சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை.

டெல்டாவில் கூலிக்குப் போகிறவர்களின் வருமானத்துக்கு ஒரு நடை உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறந்துவிட்டால் ஆடி ஆவணியில் கை ஓரளவு நனையும். நடவும் களையெடுப்பும் முடிந்த பிறகு, மழை கொட்டும் ஐப்பசி கார்த்திகையில் வயலில் வேலையே இராது. தை மாசியில் சம்பா அறுவடை வந்தால்தான் மறுபடி நான்கு காசு புரளும். அறுவடையையும் இப்போது இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலி 2023இல் 294 ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் வேலை இருக்கும் நாளும் கூலி வந்துசேரும் நாளும் நம் கையில் இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறை பணத்தைப் பார்க்கும் வீட்டில், ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு முறை கேட்கும் கடனைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? வாரத் தவணை என்பது தினமும் கல்லாவில் காசு விழும் பூக்கடைக்கும் இட்லிக்கடைக்கும் பொருந்தும் ஏற்பாடு. நாற்று நடுகிறவளுக்கு அது பொருந்தாது என்பதைக் கடன் கொடுத்தவர்கள் யோசிக்கவில்லை. வாங்கிய நாங்களும் யோசிக்கவில்லை.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் தண்டல் வருகிறது. பத்தாயிரம் என்று பேர். ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தருவார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நூறு ரூபாய்தானே என்று தோன்றும். நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. முதல் குழுவில் நாங்கள் கடைசியாக வாங்கியிருந்த நாற்பதாயிரத்துக்கு வாரம் 900 ரூபாய், 52 வாரம். மேலோட்டமாகப் பார்த்தால் 17 சதவீதம், குறையும் அசலுக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 32 சதவீதம். கணக்குப்பிள்ளையான எனக்கு இந்தக் கணக்குப் போடத் தெரியாமல் இல்லை.

அந்த ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தொடர்ந்து இரண்டாவது வாரமாக எங்களிடம் 900 ரூபாய் இல்லை. முதல் வாரம் குழுவில் இருந்த ஒரு பெண் எங்களுக்காகக் கட்டியிருந்தாள். இரண்டாவது வாரம் இன்னொருத்தி கட்டினாள். ஆனால் அதற்கு முன்பு குழுப் பெண்கள் ஐந்து பேரும் எங்கள் வாசலில் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். பணம் வராமல் அவர்களும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று வசூலுக்கு வந்தவர் சொல்லிவிட்டாராம். யாரும் திட்டவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை எழுந்து, அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போய்த் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். வசூலுக்கு வந்த பையனுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். அவனும் இந்தப் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைதான், மேலதிகாரி கொடுத்த இலக்கை முடிக்காவிட்டால் அவன் சம்பளத்திலும் கை வைப்பார்கள். அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கூட்டுப் பொறுப்பு என்ற பெயரில் பக்கத்து வீட்டுக்காரியையே சம்பளமில்லாத வசூல்காரியாக்கியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உதவி கடைக்கு வந்தது, உரம் வாங்க. நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், ஆறு மா நிலத்துக்குப் பொட்டாஷ் கேட்டு வந்தவர், தண்டல்காரரின் வண்டிச் சத்தம் கேட்டு நான் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றதைப் பார்த்துவிட்டார். வண்டி போகும்வரை காத்திருந்து, “தம்பி, எத்தனை பேருக்கு இப்படி ஒளிகிறாய்?” என்றார். ஓய்வுக்குப் பிறகு அவர் வட்டச் சட்டப்பணிகள் குழுவில் தன்னார்வலராக இருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். சட்ட உதவி என்றால் வழக்குக்குத்தான் என்று நினைத்திருந்தேன். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. குழுக்கடன்கள் எல்லாம் மனைவி பெயரில் இருந்ததால் அவளே மனுதாரர். 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் இந்த உதவியைக் கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தார். பாயை விரித்து, வீட்டில் உள்ள காகிதங்களையெல்லாம் அதன்மேல் வைக்கச் சொன்னார். அரிசிப் பானைக்குள்ளிருந்தும் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்தும் கடன் அட்டைகளும் ரசீதுகளும் வந்தன. மனைவி இரண்டு ரசீதுகளை எனக்குக் காட்டாமல் வைத்திருந்தாள். தண்டலில் மறுபடியும் எடுத்திருப்பதை நான் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். பெரியவர் இரண்டையும் பார்த்தும் பார்க்காதவர்போல் எழுதிக்கொண்டார். என் சம்பளம் 12,500, மனைவியின் கூலி சராசரியாக 4,000, மகளிர் உரிமைத் தொகை 1,000, ஆக 17,500. மூன்று குழுவுக்கும் மாதம் 3,900, 2,700, 2,640, தண்டலுக்கு 3,000, ஐந்து வட்டிக்கு 1,000, ஆக 13,240. மீதி 4,260 ரூபாயில் நான்கு பேர் சாப்பிட்டு, பிள்ளைகள் படித்து, அடகுக் கடைசித் தேதியையும் பார்க்க வேண்டும்.

“இதில் யாருக்கு முதலில் கொடுக்கிறாய்?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். தண்டல்காரர் கடைவாசலில் நின்று கத்துவார், அவருக்கு முதலில், ஐந்து வட்டிக்காரர் கோயில் வாசலில் பலர் முன்னால் கேட்பார், அவருக்கு அடுத்து, பிறகு குழு, சங்கிலியை வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கம் தபால் அட்டை மட்டுமே போடும், ஆகவே அதற்குக் கடைசி. பெரியவர் சிரித்தார். வட்டி கூடியவரும், சட்டத்தின் முன் நிற்க முடியாதவரும் வரிசையில் முதலில் இருந்தார்கள். வட்டி குறைந்த, கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும் கடன் கடைசியில் இருந்தது. என் பட்டியலை வட்டி விகிதம் தீர்மானிக்கவில்லை, என் மானம் தீர்மானித்திருந்தது.

பிறகு அவர் எங்களை மிரட்டியவர்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். மனைவியைப் போலீஸ் பிடித்துப்போகும் என்றார்களா? கடன் வழக்கில் தீர்ப்பே ஆனாலும், பணம் கட்டாததற்காக ஒரு பெண்ணைக் கைது செய்ய முடியாது என்று 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டுச் சாமானை அள்ளிப் போவோம் என்றார்களா? அதே சட்டத்தின் 60ஆம் பிரிவு, உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை, கூலியாளின் கூலி, அடமானம் வைக்காதவரை கூலித்தொழிலாளி குடியிருக்கும் வீடு ஆகியவற்றை ஜப்தி செய்யக்கூடாது என்கிறது. அதைக் கேட்டதும் மனைவியின் கை தாலிக்கயிற்றுக்குப் போனது. தாலியில் கோத்திருந்த குண்டுமணித் தங்கத்தைக்கூட விற்றுவிடலாமா என்று அவள் அந்த வாரம் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நூறு ஆண்டுக்கு மேலாகப் புத்தகத்தில் இருக்கும் ஒரு வரி எங்கள் தெருவுக்கு வந்து சேரவே இல்லை.

ஐந்து வட்டியின் கதை தனி. இருபதாயிரத்துக்கு மாதம் ஆயிரம் வீதம் 31 மாதம் கட்டியிருந்தேன். அசல் அப்படியே இருந்தது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்றாண்டு வரை சிறையும் முப்பதாயிரம் வரை அபராதமும் உண்டு. ஈடில்லாத கடனுக்கு அரசு வரையறுத்த உச்ச வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். அந்த விகிதத்தில் போட்டுப் பார்த்தால், நான் கட்டிய அதே ஆயிரம் ரூபாயில் 23ஆம் மாதத்தோடு கடன் முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும். பிறகு கட்டிய எட்டு மாதப் பணம் எந்தக் கணக்கிலும் சேராது. ஆனால் அவரிடம் நான் கையெழுத்திட்ட புரோநோட்டோடு, தொகை எழுதாத காசோலை ஒன்றும் இருந்தது. அது திரும்பி வந்தால் காசோலை வழக்கு, அதில் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. மிரட்டல்களில் உண்மையாகவே பல்லுள்ளது இது ஒன்றுதான் என்றார் பெரியவர். கந்துவட்டிப் புகார் கொடுக்கலாம், வெல்லவும் வெல்லலாம். ஆனால் ஒரே தெருவில் வாழ வேண்டும். அவரே நேரில் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. ஐயாயிரம் ரூபாய்க்கு முடிந்தது. புரோநோட்டும் காசோலையும் என் கைக்கு வந்தன. சட்டப்படி அந்த ஐயாயிரத்தையும் நான் கொடுத்திருக்க வேண்டியதில்லை. நிம்மதிக்கு விலை என்று கொடுத்தேன், இன்றுவரை அது உறுத்துகிறது.

தண்டலில் நாற்பது நாள் மீதமிருந்தது. அதைக் கட்டி முடித்துவிட்டு, முடியும் தருவாயில் அவர்களே வந்து நீட்டும் அடுத்த பத்தாயிரத்தை வாங்காமல் இருப்பதுதான் எங்களுக்கு விதித்த பத்தியம். சொல்வதற்கு எளிது. முடிந்த அன்று மாலை அவர் கட்டோடு வந்து நின்றபோது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மனைவிதான் சொன்னாள்.

குழுக்கடன்களுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த நெறிமுறைப்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தருவது குறுங்கடன். அந்தக் குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. எங்களுக்குப் பாதி 8,750. மூன்று குழுத் தவணை மட்டுமே 9,240. எப்படிக் கொடுத்தார்கள் என்று விண்ணப்ப நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், எங்கள் மாத வருமானம் 24,000 என்று எழுதியிருந்தது. ஆண்டுக்கு 2,88,000, மூன்று லட்சத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி யாரோ அளந்து எழுதிய எண். கீழே மனைவியின் கையெழுத்து. அன்று அவள் வாசித்துப் பார்க்கவில்லை, பணம் வேண்டியிருந்தது.

அதே நெறிமுறையில் வேறு சிலவும் உண்டு. காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரை அழைக்கக்கூடாது. உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் தொல்லைப்படுத்தக்கூடாது. குறித்த பொது இடத்துக்குக் கடன் வாங்கியவர் அடுத்தடுத்து இரண்டு முறை வராதபோதுதான் வீட்டுக்கு வரலாம். தாமதக் கட்டணம் போட்டால் தவறிய தொகைக்கு மட்டுமே போட வேண்டும். முன்கூட்டி அடைத்தால் அபராதம் கூடாது. கடன் அட்டை நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். பெரியவர் தமிழில் கடிதம் எழுதிக் கொடுத்தார். கெஞ்சல் ஒரு வரிகூட இல்லை. வருமானம் இவ்வளவு, தவணை இவ்வளவு, எங்களால் இயன்றது இவ்வளவு, இந்தத் தேதியில் இன்ன நேரத்துக்கு வந்தார்கள் என்று மட்டும் இருந்தது. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

முதல் நிறுவனம் மீதமிருந்த 26 வாரத் தவணையைப் பன்னிரண்டு மாதத் தவணையாக மாற்றி, மாதம் 2,050 ரூபாய் என்று எழுதித் தந்தது. வட்டி கொஞ்சம் கூடிற்று. ஆனால் மூச்சு விட முடிந்தது. இரண்டாவது நிறுவனம் பதிலே போடவில்லை. நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு முப்பது நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தி தரவில்லையென்றால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2021 நவம்பரில் வந்த திட்டம் இது, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். குறுங்கடன் நிறுவனங்களின் கூட்டமைப்புக்கும் 1800 102 1080 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. முப்பத்தொன்றாம் நாள் புகார் பதிந்தோம். சில வாரத்தில் கிளை மேலாளரே வந்து உட்கார்ந்து தேநீர் குடித்தார். கடன் முழுவதற்கும் சேர்த்துப் போட்டிருந்த தாமதக் கட்டணம் நீங்கியது, இரவு வருகை நின்றது. தவணை மட்டும் ஒரு ரூபாயும் குறையவில்லை. மூன்றாவது நிறுவனம் முறையாக நடந்துகொண்டது, அதற்கு நாங்களும் தவறாமல் கட்டினோம். குழுக்களுக்கு மாதம் 7,390 என்று வந்து நின்றது.

இதற்கிடையில் ஒரு நாள் நான் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். கடனைக் கட்ட முடியவில்லை, திவால் என்று நீதிமன்றத்தில் மனுப் போடுவதுதான் அது. ஐ.பி. போடுவது என்று இதை நகரத்தில் சொல்வார்கள். 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஐந்நூறு ரூபாய்க் கடனைக் கட்ட முடியாதவரும் மனுப் போடலாம். ஆனால் அதற்கு வழக்கறிஞர், வாய்தா, கடன் கொடுத்த எல்லாருக்கும் நோட்டீஸ் என்று ஆண்டுகள் போகும் என்றார். 2016ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டத்தில் ஏழைகளுக்கென்றே ஒரு வழி எழுதிவைத்திருக்கிறார்கள்: ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாயைத் தாண்டாமல், சொந்த வீடும் இல்லாதவருக்குக் கடனை நீக்கிப் புதிதாகத் தொடங்க விடுவது. அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நிறுவனங்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட பெரிய மனிதர்களுக்கான பகுதி மட்டும் 2019 டிசம்பரிலேயே வந்துவிட்டது.

எங்கள் பக்கம் கடன் என்றாலே அடுத்த பேச்சு தள்ளுபடி. 2021இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடி என்று அறிவித்தபோது கடைவாசலில் பட்டாசு வெடித்தது. பயிர்க்கடன் வாங்க நிலம் வேண்டும். 1938இல் ராஜாஜி ஆட்சி கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அசலைப்போல் இரு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாக வைத்துக்கொள்ளச் சொன்ன துணிச்சலான சட்டம். அதிலும் விவசாயி என்றால் நிலத்தில் உரிமையோ குத்தகையோ உள்ளவர் என்றுதான் பொருள். எங்கள் தாத்தா அந்த நிலங்களில் அன்று கூலிக்கு உழுதுகொண்டிருந்தார். தள்ளுபடியை எதிர்பார்த்துக் காத்திருப்பதற்குக்கூட ஒரு தகுதி வேண்டியிருக்கிறது.

2025 ஏப்ரல் முதல் ஒருவருக்கு மூன்று நிறுவனங்களுக்கு மேல் கடன் தருவதில்லை என்று குறுங்கடன் கூட்டமைப்பு வரையறுத்துக்கொண்டது. அதே ஆண்டு, வலிந்து வசூலிப்பதைத் தண்டிக்கத் தமிழக அரசும் ஒரு சட்டம் இயற்றியது. இரண்டும் நல்லவையே. ஆனால் குழுவில் கடன் கிடைக்காத பெண்கள் ஐப்பசியில் பட்டினி கிடந்துவிடுவதில்லை. எங்கள் தெருவில் தண்டல் வண்டிகள் கூடியிருக்கின்றன.

இவ்வளவுக்கும் கையில் காசு எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லையே. பெரியவர் சொன்னதன்பேரில் கடை முதலாளியிடம் முன்பணம் கேட்டேன். பதினான்கு ஆண்டில் ஒருமுறையும் கேட்டதில்லை. ஊரெல்லாம் வட்டிக்கு ஓடியவன், வட்டியில்லாமல் தரக்கூடியவரிடம் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறேன். எட்டாயிரம் கொடுத்தார், மாதம் ஆயிரம் பிடித்துக்கொண்டார். ஐயாயிரம் புரோநோட்டுக்குப் போயிற்று, 1,200 அடகு வட்டிக்கு. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பாக 1,800 ரூபாயை எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். எங்களுக்காகக் கட்டிய இரண்டு பெண்களின் பணம். சட்டத்தில் இந்தக் கடனுக்கு இடமில்லை, பெரியவர் எழுதிய பட்டியலிலும் இல்லை. அவர்கள் இருவரும் ஒருநாளும் கேட்கவில்லை.

மனைவி இருட்டிய பிறகு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஒருத்தி வாங்கிக்கொண்டாளாம். பக்கத்து வீட்டு அக்கா, தையில் கொடு போதும் என்று திருப்பிவிட்டார். தையில் கொடுத்தோம். சங்கிலி இன்னும் சங்கத்தில்தான் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறோம், இந்த முறை அசலிலும் மூவாயிரம் குறைத்திருக்கிறோம்.